அமெரிக்கச் சின்ன ஊர்களில் பள்ளியும் கல்லூரியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அயோவா மாநிலத்தில் நாலாயிரம் பேர் வாழும் ஓர் ஊருக்கு நாங்கள் வந்து பதினான்கு வருடம் ஆகிறது. மகள் இங்கே பள்ளி முடித்து ஒரு சின்னக் கல்லூரியில் படிக்கிறாள். மகன் பத்தாவது. புதிதாக இந்தப் பக்கம் வேலை கிடைத்து வரும் குடும்பங்கள் யாரிடமாவது என் எண்ணை வாங்கி, “அக்கா, பசங்க ஸ்கூல் பத்தி ஒரு சின்ன சந்தேகம்” என்று ஆரம்பிப்பார்கள். பேச்சு ஒரு மணி நேரம் ஓடும். அந்தக் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன். சட்டதிட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். எனக்கு நன்றாகத் தெரிந்தது அயோவாவும் அதை ஒட்டிய மாநிலங்களும்தான்.

சின்ன ஊர் என்றால் எவ்வளவு சின்னது?

பத்தாயிரம் பேர் இருந்தால் அது இங்கே கொஞ்சம் பெரிய ஊர். எங்கள் ஊரில் ஒரு மளிகைக் கடை, ஒரு சிக்னல், மக்காச்சோளம் கொட்டிவைக்கும் உயரமான குதிர்கள், ஒரு பள்ளி. இத்தகைய ஊருக்குத் தமிழர்கள் வருவதற்குப் பெரும்பாலும் காரணம் மருத்துவமனை, தொழிற்சாலை அல்லது கல்லூரி. ஜே-1 விசாவில் பயிற்சி முடித்த மருத்துவர்கள் ‘கான்ராட் 30’ திட்டத்தின்கீழ் மருத்துவர் பற்றாக்குறை உள்ள இடத்தில் மூன்று வருடம் வேலை செய்தால், தாய்நாட்டுக்குத் திரும்பியாக வேண்டும் என்ற நிபந்தனையிலிருந்து விலக்குக் கிடைக்கும். நாங்கள் வந்ததும் அப்படித்தான். மூன்று வருடம் என்று வந்தோம், தங்கிவிட்டோம்.

அட்மிஷன் கிடைக்குமா? டொனேஷன் உண்டா?

இரண்டுக்கும் கவலை வேண்டாம். உங்கள் வீடு எந்த ஸ்கூல் டிஸ்ட்ரிக்டில் (பள்ளி நிர்வாக எல்லையில்) இருக்கிறதோ அந்த அரசுப் பள்ளி உங்கள் குழந்தையைச் சேர்த்தே ஆக வேண்டும். நுழைவுத் தேர்வோ நேர்காணலோ கிடையாது. விசா ஆவணம் எதுவுமே இல்லாத குழந்தைக்கும் இலவசப் பள்ளிக் கல்வியை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1982-இல் தீர்ப்புச் சொன்னது. எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாவில் வருபவரின் குடும்பத்துக்கான சார்பு விசா) வரும் குழந்தைக்குத் தடையே இல்லை.

பிறப்புச் சான்றிதழ், வீட்டு முகவரிக்கு ஆதாரம், தடுப்பூசிப் பதிவு ஆகிய மூன்றும் கையில் இருக்கட்டும். ஊரில் போட்ட ஊசிகளைத் தேதியோடு ஒரு தாளில் எழுதி, குழந்தை மருத்துவரிடம் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி வாருங்கள். அட்டை தொலைந்துபோய், போட்ட ஊசியையே மறுபடி போட்டுக்கொண்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும். இன்னொன்று: நம் குழந்தைகளுக்குப் பிறந்ததும் போடும் பிசிஜி ஊசியால், காசநோய்க்கான தோல் பரிசோதனையில் நோய் இல்லாமலே ‘பாசிட்டிவ்’ வரலாம். அப்படி வந்தால் பதறாமல் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

அண்ணன் பையனை இந்தியாவிலிருந்து வரவழைத்து இங்கே பள்ளியில் சேர்க்கலாமா?

மாணவர் விசாவில் வருபவர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அதிகபட்சம் 12 மாதம்தான் படிக்கலாம். அதற்கும் முழுச் செலவைக் கட்ட வேண்டும். உயர்நிலைக்குக் கீழே அரசுப் பள்ளியில் சேரவே அனுமதி இல்லை. தனியார் பள்ளிக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது.

இலவசம் என்றால் பணம் யார் தருகிறார்கள்?

பெரும்பகுதி மாநில அரசும் உள்ளூர்ச் சொத்து வரியும். வாஷிங்டனிலிருந்து வருவது சின்னப் பங்கு. பள்ளியை நடத்துவது ஊர் மக்கள் தேர்ந்தெடுக்கும் ஸ்கூல் போர்டு. அதில் விவசாயி இருப்பார், பல் மருத்துவர் இருப்பார், வங்கியில் வேலை செய்யும் அம்மா இருப்பார். கூட்டம் எல்லோருக்கும் பொது. குடியுரிமை இல்லாததால் ஓட்டுப் போட முடியாதே தவிர, எழுந்து பேசலாம்.

அயோவாவில் புதுக் கட்டடத்துக்காகக் கடன்பத்திரம் வெளியிட வேண்டுமானால் 60 விழுக்காடு வாக்கு வேண்டும். எங்கள் ஊரில் அந்த வாக்கெடுப்புக்கு முன்பு நடந்த கூட்டத்தில் ஒரு பெரியவர் எழுந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும், தொப்பியைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தார். தன் பேரப்பிள்ளைகள் வேறு மாநிலத்தில் இருப்பதாகவும், நிலவரி ஏறினால் தனக்குக் கஷ்டம் என்றும் சொல்லிவிட்டு, “ஆனால் இந்தப் பள்ளி போய்விட்டால் ஊரும் போய்விடும்” என்று உட்கார்ந்தார். அன்றுதான் பள்ளி இங்கே ஊர்ச் சொத்து என்பது எனக்குப் புரிந்தது.

அந்தப் பெரியவர் பயந்ததற்குக் காரணம் உண்டா?

உண்டு. 1940 வாக்கில் அமெரிக்கா முழுக்க ஒரு லட்சத்துப் பதினேழாயிரம் ஸ்கூல் டிஸ்ட்ரிக்டுகள் இருந்தன. இன்று சுமார் பதின்மூன்றாயிரம். வயல் நடுவே ஓரறைப் பள்ளிகள் இருந்த காலம் அது. ஒரே ஆசிரியை எட்டு வகுப்புக்கும் பாடம் நடத்துவார். சாலை வந்தது, பஸ் வந்தது, பள்ளிகளை ஒன்றாகச் சேர்த்தார்கள். டிராக்டர் வந்து பண்ணைகள் பெரிதாகப் பெரிதாக, அதில் வாழும் குடும்பங்களும் குறைந்தன.

நீங்கள் படத்தில் பார்க்கும் மஞ்சள் பஸ்ஸும் அந்தக் காலத்தில் பிறந்ததுதான். 1939-இல் நியூயார்க்கில், கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில், ஃபிராங்க் சைர் என்ற பேராசிரியர் கூட்டிய மாநாட்டில்தான் அந்த நிறத்தை முடிவு செய்தார்கள். விடியற்காலை அரையிருட்டில் கண்ணுக்கு எடுபடும் நிறம், அதன்மேல் கறுப்பு எழுத்து தெளிவாகத் தெரியும் என்பது காரணம்.

சேர்ந்த பள்ளிகளின் பெயரைப் பார்த்தாலே கதை தெரிந்துவிடும். மூன்று ஊர்ப் பெயரைக் கோடு போட்டு இணைத்திருப்பார்கள். எந்த ஊர்ப் பெயர் முதலில் வருவது என்பதற்கே மாதக்கணக்கில் சண்டை நடந்திருக்கும். பள்ளியை இழந்த ஊரில் முதலில் மூடப்படுவது ஹோட்டல், அப்புறம் மளிகைக் கடை.

வீடு பார்க்கும்போது இதை நினைவில் வையுங்கள். ஊருக்கு வெளியே பண்ணைவீடு எடுத்தால் பிள்ளை காலையும் மாலையும் முக்கால் மணி நேரம் பஸ்ஸில் உட்கார வேண்டியிருக்கும். ஜனவரியில் ஆறே முக்காலுக்கு இருட்டில், மூக்கு மயிர் உறையும் குளிரில் நிற்க வேண்டும். பனி கொட்டினால் விடுமுறை, அல்லது ‘டூ அவர் டிலே’. காலை ஐந்தரைக்குப் போனில் செய்தி வரும். நீங்கள் கார் ஓட்டும்போது பஸ்ஸின் சிவப்பு விளக்கு எரிந்து பக்கவாட்டில் ‘ஸ்டாப்’ பலகை நீண்டால், நின்றுவிடுங்கள். இருவழிச் சாலையில் எதிரே வருபவரும் நிற்க வேண்டும். தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது.

சின்னப் பள்ளியில் படிப்புத் தரம் குறைவுதானே?

எல்லோரும் கேட்பது இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

குறை இருக்கிறது. மறைத்துப் பயனில்லை. சிகாகோ புறநகரில் ஒரு பள்ளி இருபது ஏபி பாடம் (பள்ளியிலேயே நடத்தும் கல்லூரித் தரப் பாடம்) நடத்தினால் எங்கள் பள்ளி மூன்றோ நான்கோதான் நடத்தும். இயற்பியல் ஒரு வருடம் விட்டு ஒரு வருடம்தான் வரும். ஸ்பானிஷ் ஆசிரியை வேலையை விட்டுப் போனால் அடுத்தவர் கிடைக்க ஒரு வருடம் ஆகும், அதுவரை ஸ்பானிஷ் கம்ப்யூட்டர் திரையில்தான். கணிதத்தில் வேகமாக ஓடும் பிள்ளைக்குப் பதினொன்றாம் வகுப்பிலேயே பாடம் தீர்ந்துவிடும்.

இதற்கு வழி கம்யூனிட்டி காலேஜ் என்ற இரண்டு வருடக் கல்லூரி. உயர்நிலைப் பள்ளியில் இருக்கும்போதே கல்லூரிப் பாடம் எடுக்கலாம். அயோவாவில் அந்தக் கட்டணத்தை டிஸ்ட்ரிக்டே கட்டுகிறது. என் மகள் பள்ளி முடிக்கும்போது கால்குலஸ், ஆங்கிலக் கட்டுரை, உளவியல் எல்லாம் கல்லூரி கிரெடிட்டாகவே கையில் வைத்திருந்தாள். இதைத் தானாக யாரும் வந்து சொல்ல மாட்டார்கள். ஒன்பதாம் வகுப்பிலேயே, பாடத் தேர்வுக்கு வழிகாட்டும் பள்ளிக் கவுன்சிலரிடம் போய், நான்கு வருடத்துக்கும் என்னென்ன பாடம் கிடைக்கும் என்று தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது மறுபக்கம். ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள்தான் என்றால் அங்கே ஒவ்வொரு பிள்ளையும் தேவைப்படுகிறது. இரண்டாயிரம் பேர் படிக்கும் பள்ளியில் பேண்டில் சேரத் தேர்வு வைப்பார்கள், கூடைப்பந்து அணிக்கு நூறு பேர் வந்து பன்னிரண்டு பேரை எடுப்பார்கள். இங்கே ஆளைத் தேடி வருவார்கள். என் மகள் ஆறாம் வகுப்பில் இருந்தபோது பேண்ட் ஆசிரியர் ஒரு பழைய டிராம்போனைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். “டிராம்போன் வாசிக்க ஆள் இல்லை, இவள் கை நீளமாக இருக்கிறது” என்றார். வீணை வகுப்புக்கு அனுப்ப வேண்டும் என்று நினைத்திருந்த நான் அந்தப் பித்தளைக் குழாயைப் பார்த்தபடி நின்றேன். ஏழு வருடம் வாசித்தாள். கூடவே வாலிபால், நாடகத்துக்கு மேடை விளக்கு, ஆண்டு மலர் ஆசிரியர். பெரிய பள்ளியில் இவற்றில் ஒன்று கிடைத்திருந்தாலே பெரிது.

ஆள் போதாமை இந்த ஊர்களில் புது வழிகளையும் உண்டாக்கியிருக்கிறது. அமெரிக்கக் கால்பந்துக்குப் பதினொரு பேர் வேண்டும். அத்தனை பையன்கள் இல்லாத பள்ளிகளுக்காக, நெப்ராஸ்காவில் ஸ்டீஃபன் எப்லர் என்ற ஆசிரியர் 1934-இல் ஆறு பேர் ஆடும் ஆட்டத்தை உருவாக்கினார். டெக்சாஸின் சின்ன ஊர்களில் அது இன்றும் நடக்கிறது. இந்தியானாவில் மைலன் என்ற ஊர்ப் பள்ளியைப் பற்றி யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மொத்தம் 161 மாணவர்கள் படித்த பள்ளி. 1954-இல் மாநிலக் கூடைப்பந்து இறுதி ஆட்டத்தில் மன்சி சென்ட்ரல் என்ற பெரிய பள்ளியை 32–30 என்று வீழ்த்தியது. கடைசி நொடிகளில் பந்தைக் கூடையில் போட்டவர் பாபி பிளம்ப். அன்றைக்குப் பெரிய பள்ளி, சின்னப் பள்ளி என்று தனித்தனிப் போட்டி கிடையாது.

விளையாட்டு, பேண்ட் என்று அலைந்தால் படிப்பு கெடாதா?

மதிப்பெண் குறைந்தால் ஆட விடமாட்டார்கள், அதுவே ஒரு கடிவாளம்.

இந்தப் பக்கத்தில் இன்னொன்றும் உண்டு: எஃப்எஃப்ஏ. 1928-இல் கான்சஸ் சிட்டியில் விவசாய மாணவர்களுக்காகத் தொடங்கிய அமைப்பு. பெண்களைச் சேர்த்துக்கொள்ள 1969 வரை ஆனது. நீல நிறக் கார்டுராய் ஜாக்கெட்டில் முதுகில் மாநிலப் பெயர், மார்பில் பிள்ளையின் பெயர் தங்க நூலில் தைத்திருக்கும். நிலமே இல்லாத குடும்பத்துப் பிள்ளையும் சேரலாம். என் மகன் மண்ணை மதிப்பிடும் போட்டிக்குப் போகிறான். ஆளுயரக் குழிக்குள் இறங்கி, மண்ணை எச்சில் தொட்டுப் பிசைந்து, விரல் நடுவே நாடா போல நீட்டி, களி எவ்வளவு மணல் எவ்வளவு என்று சொல்ல வேண்டும். தஞ்சாவூர்ப் பக்கம் நெல் விதைத்த என் அப்பா வந்திருந்தபோது தாத்தாவும் பேரனும் கொல்லையில் உட்கார்ந்து அதையே செய்துகொண்டிருந்தார்கள். இருவருக்கும் பொதுவாக ஒரு பேச்சு கிடைத்தது.

நாங்கள் சைவம். மதியச் சாப்பாடு?

வீட்டிலிருந்து கட்டிக் கொடுப்பதே நல்லது. கேன்டீனில் சீஸ் பீட்சா, பழம், பால் கிடைக்கும். பெப்பரோனி என்பது இறைச்சி, ஜெல்லியிலும் மார்ஷ்மெல்லோவிலும் ஜெலட்டின் இருக்கும். இதைப் பிள்ளைக்கும் சொல்லுங்கள், பரிமாறும் அம்மாவிடமும் சொல்லிவையுங்கள். நூறு பிள்ளைகளுக்குத்தான் பரிமாறுகிறார், ஞாபகம் வைத்துக்கொள்வார்.

வகுப்பிலேயே ஒரே இந்தியக் குழந்தையாக இருக்குமே?

பல ஊர்களில் அப்படித்தான். எல்லா ஊரும் அப்படி இல்லை. இறைச்சித் தொழிற்சாலை உள்ள ஊர்களுக்கு மெக்சிகோ, லாவோஸ், சூடான் என்று பல நாட்டுக் குடும்பங்கள் வந்திருக்கின்றன. அயோவாவின் ஸ்டார்ம் லேக்கில் பள்ளிப் பிள்ளைகளில் பெரும்பாலோர் வெள்ளையரல்லாதவர்கள்.

எங்கள் ஊரில் என் பிள்ளைகள்தான் முதல். முதல் வருடம் கஷ்டமாக இருந்தது. பஸ்ஸில் ஒருவன் என் மகள் டப்பாவைப் பார்த்து மூக்கைப் பிடித்துக்கொண்டான். அவள் மூன்று வாரம் சாப்பாட்டைத் திறக்காமலே திருப்பிக் கொண்டுவந்தாள், எனக்குத் தெரியவே இல்லை. கண்டுபிடித்துச் சொன்னது அவளுடைய வகுப்பு ஆசிரியை. அன்று மாலையே போன் செய்தார், மறுநாள் அந்தப் பையனையும் கூப்பிட்டுப் பேசினார். குழந்தை சொல்லாததை ஆசிரியர் கவனிப்பார் என்பது சின்ன வகுப்பில் கிடைக்கும் பாதுகாப்பு. ஆனாலும் அதை மட்டும் நம்பியிருக்காதீர்கள், டப்பாவைத் திறந்து பாருங்கள்.

பெரும்பாலான நட்பு சர்ச் வழியாக அமைகிறது. புதன்கிழமை மாலை சர்ச்சுக்கு என்று பல பள்ளிகள் எந்தப் பயிற்சியும் வைப்பதில்லை. அன்று நம் பிள்ளை மட்டும் வீட்டில் இருக்கும். எங்கள் வீட்டில் அதைத் தமிழ் எழுதப் படிக்கும் நாளாக்கிக்கொண்டோம். காலையில் கொடிக்கு முன் உறுதிமொழி சொல்வார்கள். யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1943-லேயே சொல்லியிருக்கிறது.

இவ்வளவு சின்ன ஊர்களில் எப்படி இத்தனை கல்லூரிகள்?

இரண்டு காரணம். ஒன்று, மேற்கே குடியேறிய ஒவ்வொரு சர்ச் பிரிவும் தனக்கென்று கல்லூரி கட்டியது. ஊர்களும் போட்டி போட்டு நிலம் கொடுத்தன. மின்னசோட்டாவின் நார்த்ஃபீல்டில் சுமார் இருபதாயிரம் பேர்தான், ஆனால் கார்ல்டன், செயின்ட் ஓலஃப் என்று இரண்டு கல்லூரிகள். ஒஹையோவின் ஓபர்லின் 1833-இல் தொடங்கி, 1835-இல் கறுப்பின மாணவர்களைச் சேர்க்க முடிவெடுத்தது. 1837-இல் ஆண்களோடு சேர்ந்து பெண்களும் பட்டப்படிப்பில் உட்கார்ந்தார்கள். அடிமை முறை இருந்த காலம் அது.

இரண்டாவது, 1862-இல் லிங்கன் கையெழுத்திட்ட மாரில் சட்டம். விவசாயமும் இயந்திரக் கலையும் கற்பிக்கும் கல்லூரிக்காக ஒவ்வொரு மாநிலத்துக்கும், அதன் காங்கிரஸ் உறுப்பினர் ஒருவருக்கு 30,000 ஏக்கர் வீதம் நிலம் தரப்பட்டது. ஏம்ஸில் உள்ள அயோவா ஸ்டேட், கான்சஸ் மாநிலத்து மன்ஹாட்டனில் உள்ள கான்சஸ் ஸ்டேட் பல்கலைக்கழகங்கள் எல்லாம் அதன் பலனை வாங்கியவை. அந்த நிலம் பூர்வகுடி மக்களிடமிருந்து பறிக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி என்றால் பி.ஏ. மட்டும்தானா? என் பையனுக்குக் கம்ப்யூட்டர் சயன்ஸ் வேண்டும்.

பெயரில் உள்ள ‘ஆர்ட்ஸ்’ நம்மை ஏமாற்றுகிறது. அங்கே இயற்பியல், கணிதம், கம்ப்யூட்டர் எல்லாம் உண்டு. இல்லாதது பெரும்பாலும் இன்ஜினியரிங் பட்டம். மூன்று வருடம் இங்கே, இரண்டு வருடம் இன்ஜினியரிங் பல்கலைக்கழகத்தில் என்று சேர்த்துப் படிக்கும் ஏற்பாடு சில இடங்களில் இருக்கிறது.

அயோவாவின் கிரின்னல் என்ற சின்ன ஊரில் வளர்ந்து, அங்கேயே கிரின்னல் கல்லூரியில் படித்தவர் ராபர்ட் நாய்ஸ். அவருடைய இயற்பியல் பேராசிரியர் கிராண்ட் கேல், டிரான்சிஸ்டர் வெளிவந்த புதிதிலேயே பெல் ஆய்வகத்திலிருந்து அதை வரவழைத்து மாணவர்களுக்குக் காட்டினார். நாய்ஸ் ஒரு விருந்துக்காகப் பக்கத்துப் பண்ணையில் பன்றி திருடி மாட்டிக்கொண்டபோது, கேல் போன்றவர்கள் பரிந்து பேசியதால் ஒரு செமஸ்டர் இடைநீக்கத்தோடு தப்பினார். 1949-இல் பட்டம் பெற்றார். பிற்பாடு ஒருங்கிணைந்த மின்சுற்றை உருவாக்கியவர்களில் ஒருவர் ஆனார், இன்டெல் நிறுவனத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவரும் அவரே. பேராசிரியருக்கு மாணவனைப் பெயர் சொல்லித் தெரியும் இடம் என்றால் இதுதான் அர்த்தம்.

செலவு?

இணையதளத்தில் போட்டிருக்கும் தொகையைப் பார்த்து ஓடிவிடாதீர்கள். தனியார் சின்னக் கல்லூரிகளில் மிகச் சிலரே அதை முழுதாகக் கட்டுகிறார்கள். கென்டக்கியின் பெரியா கல்லூரி 1892-இலிருந்து யாரிடமும் படிப்புக் கட்டணம் வாங்குவதில்லை. வசதி குறைந்தவர்களைத்தான் சேர்க்கிறது, எல்லா மாணவரும் கல்லூரியில் ஏதாவது வேலை செய்ய வேண்டும்.

எச்-4 பிள்ளைகளின் நிலைதான் என்னை வருத்துகிறது. இரண்டு வயதில் இங்கே வந்து, இங்கேயே பள்ளி முடித்து, பேண்டில் வாசித்து, ஊரே தெரிந்த பிள்ளையாக இருந்தாலும் மத்திய அரசின் கல்வி உதவி கிடையாது. மாநிலப் பல்கலைக்கழகத்தில் உள்ளூர்க் கட்டணமா வெளியாள் கட்டணமா என்பது மாநிலத்தைப் பொறுத்தது. 21 வயதில் சார்பு விசா முடிகிறது, எஃப்-1 என்ற மாணவர் விசாவுக்கு மாற வேண்டும். பதினொன்றாம் வகுப்பிலேயே ஒவ்வொரு கல்லூரிக்கும் எழுதி, “எங்கள் பிள்ளையை எந்தப் பிரிவில் வைப்பீர்கள்?” என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

கம்யூனிட்டி காலேஜ் கௌரவக் குறைச்சலா?

இல்லை. 1901-இல் இல்லினாயின் ஜோலியட்டில் தொடங்கிய ஏற்பாடு இது. இரண்டு வருடம் குறைந்த செலவில் படித்து, மாநிலப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம் சேரலாம். எந்தப் பாடத்தின் கிரெடிட் எங்கே ஏற்கப்படும் என்று முதலிலேயே பார்க்க வேண்டும், அவ்வளவுதான். நர்சிங், வெல்டிங், காற்றாலை பராமரிப்பு என்று நேராக வேலைக்குப் போகும் படிப்புகளும் உண்டு.

சின்னக் கல்லூரிகள் மூடப்படுகின்றனவே, நம்பிச் சேரலாமா?

பயம் நியாயமானது. மவுண்ட் பிளசன்ட்டில் 1842-இலிருந்து இருந்த அயோவா வெஸ்லியன் 2023-இல் மூடப்பட்டது. பூமியைச் சுற்றியுள்ள கதிர்வீச்சு வளையங்களைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் வான் ஆலன் அதே ஊரில் பிறந்து அதே கல்லூரியில் படித்தவர். நியூயார்க் மாநிலத்தின் ஆரோராவில் 1868-இல் தொடங்கிய வெல்ஸ் கல்லூரி 2024-இல் மூடியது. பதினெட்டு வயதாகிறவர்களின் எண்ணிக்கை இந்தப் பகுதிகளில் குறைகிறது, நன்கொடை நிதி குறைவான கல்லூரி தாக்குப்பிடிப்பதில்லை.

சேர்வதற்கு முன் ஐந்து வருட மாணவர் எண்ணிக்கையைப் பாருங்கள். லாப நோக்கமில்லாத கல்லூரிகள் வருமான வரித் துறைக்குத் தரும் 990 படிவம் பொதுவில் கிடைக்கும், அதில் வரவு செலவு இருக்கும். அங்கீகாரம் தரும் அமைப்பு எச்சரிக்கை ஏதும் விடுத்திருக்கிறதா என்றும் பாருங்கள். நேரில் போகும்போது, “கடந்த மூன்று வருடத்தில் எந்தப் பாடப்பிரிவை நிறுத்தினீர்கள்?” என்று கேளுங்கள். நேர்மையாகப் பதில் சொல்லும் இடத்தை நம்பலாம்.

கார் இல்லாமல் மாணவர் சமாளிக்க முடியுமா?

வளாகத்துக்குள் முடியும், வெளியே கஷ்டம். நன்றியறிதல் விடுமுறையிலும் டிசம்பரிலும் பல விடுதிகளை மூடிவிடுவார்கள். எங்கே தங்குவது என்று செப்டம்பரிலேயே சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்டுவையுங்கள்.

வந்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

பள்ளி அலுவலகத்தில் செக்ரட்டரியிடம் போய் உங்கள் பெயரையும் பிள்ளை பெயரையும் சரியாக உச்சரித்துக் காட்டுங்கள். ஊரில் யாருக்கு என்ன தேவை என்பது அவருக்குத்தான் தெரியும். அந்த வாரமே வெள்ளிக்கிழமை இரவு கால்பந்தாட்டத்துக்குப் போங்கள். விதி புரியாவிட்டால் பக்கத்தில் இருப்பவரிடம் கேளுங்கள், ஆட்டம் முடியும்வரை சொல்லிக்கொடுப்பார். பாப்கார்ன் விற்கும் கூடாரத்தில் எப்போதும் ஆள் பற்றாக்குறை. கனமான போர்வை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். அக்டோபரில் அந்த அலுமினியப் பெஞ்சு ஐஸ் மாதிரி இருக்கும்.